சொட்டு உட்காரும் கோணம்

கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து, அது பரவி உட்காருகிறதா, உருண்டு உட்காருகிறதா என்று பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது.

சிரிக்காதீர்கள். நேற்று சரியாக வந்தது இன்று ஏன் வரவில்லை என்று ஒரு முறையாவது தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்தானே நீங்களும்? அதே மாவு, அதே கல், அதே அடுப்பு, ஆனால் தோசை மட்டும் ஒட்டிக்கொண்டு வர மறுத்த காலைகள் உங்களுக்கும் இருந்திருக்கும். அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி. செத்த நேரம் பக்கத்தில் உட்காருங்கள், சொல்கிறேன்.

திண்டுக்கல்லைத் தாண்டி, ஜன்னலைத் திறந்தால் சிறுமலை தெரிகிற ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் கருவிகள் அறைக்கு நான் பொறுப்பு. ஆராய்ச்சி மாணவர்கள் கண்ணாடித் துண்டு மேல் ஏதாவது ஒரு கரைசலைச் சொட்டி, பம்பரம் மாதிரி சுழற்றுவார்கள். சுழலுகிற வேகத்தில் கரைசல் விசிறி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாக ஒரு படலம் ஆகும். ஸ்பின் கோட்டிங் என்று பெயர். அதைச் சூளையில் வைத்துச் சுட்டு என்னிடம் கொண்டு வருவார்கள். நான் ஊசியால் கடுகளவு சொட்டு ஒன்றை அதன் மேல் இறக்கி, பக்கவாட்டில் கேமராவால் படம் பிடிப்பேன். சொட்டின் ஓரம் கண்ணாடியோடு என்ன கோணத்தில் சேருகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். கோணம் சின்னது என்றால் தண்ணீர் பரவியிருக்கிறது. பெரியது என்றால் உருண்டிருக்கிறது. இவ்வளவுதான் வித்தை. இதற்குள் எத்தனை பேருடைய தூக்கம் அடங்கியிருக்கிறது என்பதுதான் மீதிக் கதை.

தொட்டியை அளந்து சொல்லு

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் தெருவில் யார் கேட்டாலும் பெருமையாக "தண்ணிச் சொட்டை அளக்குறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மறுநாள் காலையில் வாசலில் வரிசையாகப் பாட்டில்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் பஞ்சாயத்துத் தண்ணீர், ஒன்றில் மஞ்சளாக என்னவோ. உப்பு இருக்கிறதா, பல்லுக்கு ஆகுமா, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேள்விகள். நான் பார்ப்பது தண்ணீரை இல்லை, தண்ணீர் எதன் மேல் உட்காருகிறதோ அந்தப் பரப்பைத்தான் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகத்தில் என் மேல் இருந்த மரியாதை வடிந்துகொண்டே போனது.

எதிர் வீட்டு அமலோற்பவம் அக்கா மட்டும் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கொண்டு வந்த பாட்டிலைத் திரும்ப எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு சொட்டை அளக்கவா இம்புட்டு படிச்ச? எங்க வீட்டுத் தொட்டிய அளந்து சொல்லு பிலோமினா, லாரிக்காரன் ஏமாத்துறான்."

மெஷினுக்கு ஆசீர்வாதம்

கருவி வந்து இறங்கிய நாளில் எங்கள் அட்டெண்டர் வேலுச்சாமி அண்ணன், மேஜைக்கு நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்து, கேமராவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். நெற்றி என்று அவர் நினைத்தது லென்ஸ். அன்றைக்கு எடுத்த முதல் படத்தில் சொட்டுக்குப் பதிலாகச் சிவப்பாக ஒரு நிலா உதித்தது. பட்டுத்துணி தேடிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நான் அதைத் துடைத்து எடுப்பதற்குள் பங்குத்தந்தை வந்துவிட்டார். அவரும் சும்மா போவாரா? செபம் சொல்லி, மந்திரித்த தண்ணீரை மெஷின் மேல் தாராளமாகத் தெளித்தார்.

தெளித்ததில் பாதி, மேஜையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மாணவனின் கண்ணாடித் துண்டுகள் மேல் விழுந்தது. எல்லோரும் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் குனிந்து அந்தச் சொட்டுகளைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி எங்கே போகும்? நிமிர்ந்தபோது ஃபாதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, ஆசீர்வாதம் ஒட்டிக்கிருச்சா, இல்ல உருண்டு ஓடிருச்சா?"

கை படாத கும்பிடு

முத்துலட்சுமி குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெண். மானாவாரி நிலத்துக்காரர் மகள். அவர்கள் நிலத்தில் சோலார் தகடு வைத்த மோட்டார் இருக்கிறது. காற்று வீசினால் அந்தப் பக்கம் புழுதிதான். தகட்டில் புழுதி படிந்தால் மோட்டார் இழுக்காது; கழுவலாம் என்றால் கழுவத் தண்ணீர் வேண்டும்; தண்ணீர் வேண்டுமென்றால் மோட்டார் ஓட வேண்டும். இந்தக் கிறுக்குச் சக்கரத்தைப் பார்த்து வளர்ந்தவள், அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள். கண்ணாடி மேல் டைட்டானியம் ஆக்சைடு படலம் போட்டால் தண்ணீர் உருளாமல் தாள் மாதிரி விரிந்து, புழுதியை மொத்தமாக வழித்துக்கொண்டு போகும். ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு தகடு சுத்தம். அவளுக்கு வேண்டியது சின்னக் கோணம். சின்னது என்றால் பத்து டிகிரிக்கும் கீழே.

முதல் நாள் துண்டைத் தட்டில் வைத்ததும், யாரும் எதிர்பாராத வேகத்தில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற அதே கை. நம் ஊரில் எந்தப் பிள்ளையும் பரீட்சைத் தாளைக்கூடத் தொட்டுக் கும்பிடாமல் எழுதியதில்லை. ஆனால் விரல் எண்ணெய் ஒரு துளி போதும், படலத்தின் கதையை முடிக்க. சொட்டை இறக்கினேன். குண்டாக, கொழுகொழுவென்று உட்கார்ந்தது. அவள் முகம் செத்துவிட்டது. நான் காரணத்தைச் சொல்லி, கை படாத இன்னொரு துண்டை வைக்கச் சொன்னேன். இந்த முறை சொட்டு விழுந்தது, விரிந்தது, படத்தில் ஒரு கோடாகப் படுத்துக்கொண்டது. ஏழு டிகிரி. அவ்வளவு நல்ல ரீடிங்கை நான் அந்த அறையில் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

முத்துலட்சுமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மெஷினைப் பார்த்துத் தலையை மட்டும் குனிந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "இனிமே மனசுக்குள்ள கும்புட்டுக்கிறேங்க்கா. கை படாது."

கேரளா மழை

வெளி ஆட்களும் எங்களிடம் அளக்க வரலாம். அப்படித்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி வந்தார். லாரியில் தக்காளி கேரளாவுக்குப் போகிறது. அட்டைப் பெட்டி மழையில் நனைந்து அடிப்பகுதி பிய்ந்துவிடுகிறது. பெட்டிக்காரர் மெழுகு பூசியிருப்பதாகச் சத்தியம் செய்கிறார், பூசினதா இல்லையா என்று தெரிய வேண்டும். அட்டைத் துண்டை வாங்கித் தட்டில் வைத்து, அவரையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். சொட்டு முத்து மாதிரி நின்றது. நூறைத் தாண்டிய கோணம். மெழுகு இருக்கிறது, பெட்டிக்காரர் நல்லவர், தண்ணீர் ஒட்டவே ஒட்டாது என்று தீர்ப்புச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். எனக்கு அன்று கொஞ்சம் தலைக்கனம்தான்.

அவர் திரையைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "எல்லாஞ் சரிங்க மேடம். ஆனா கேரளாவுல மழை ஒத்தச் சொட்டா வராதுங்களே?"

அறுபதுக்குப் பக்கம்

முத்துலட்சுமியின் கட்டுரை ஒரு பத்திரிகைக்குப் போனது. படித்துப் பார்த்த நிபுணர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எடுத்து வைத்த படலம் நாளாக ஆக அப்படியே இருக்குமா? அளந்து அனுப்புங்கள். அவளுக்குச் சந்தோஷம். அதே தொகுதியில் செய்த துண்டுகளை டெசிகேட்டரில் பத்திரமாக வைத்திருந்தாள். டெசிகேட்டர் என்பது ஊறுகாய் ஜாடியின் பணக்கார அண்ணன். கனத்த கண்ணாடிப் பாத்திரம், அடியில் ஈரம் உறிஞ்சும் மணிகள், மேலே இறுக்கமான மூடி. துண்டுகளை எடுத்து வந்தாள். நான் சொட்டை இறக்கினேன். சொட்டு விரியவில்லை. குந்த வைத்து உட்கார்ந்திருந்தது. ஐம்பத்தெட்டு. அடுத்த துண்டு அறுபத்தொன்று. அதற்கடுத்தது அறுபது.

ஊசியை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். மெஷின் மேல் சந்தேகம் வந்தால் போட்டுப் பார்ப்பதற்கென்றே என்னிடம் ஒரு டெஃப்லான் துண்டு உண்டு, அதன் கோணம் எனக்கு மனப்பாடம். அது மாறாமல் வந்தது. மெஷின் சரி, படலம்தான் கெட்டிருக்கிறது. முத்துலட்சுமி துண்டுகளை எடுத்து டப்பாவில் அடுக்கினாள். பதில் அனுப்ப இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். அவளுடைய உதவித்தொகையும் அதோடு முடிகிறது. இந்தக் கட்டுரை வெளிவராவிட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே முடியாது. இத்தனை வருஷப் படிப்பு, கடுகளவு சொட்டு ஒன்று படுக்கிறதா குந்துகிறதா என்பதில் வந்து நின்றது.

அவளுடைய வழிகாட்டி இன்னாசி சார் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு மாணவன் உட்கார்ந்த இடத்தில் எழுதிக் கொடுத்த எண்களை நம்பிக் கையெழுத்துப் போட்டு, நாலு பேர் முன்னால் தலை குனிந்தவர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கே போகாது. பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நன்றாகக் கழுவிய வெறும் கண்ணாடியிலும் சொட்டு இப்படித்தான் பரவும், படத்தில் இருப்பது படலமா வெறும் கண்ணாடியா என்று யாருக்குத் தெரியும் என்றார். இனிமேல் ஒவ்வொரு அளவும் தான் பக்கத்தில் நிற்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்றார். முத்துலட்சுமியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம் வந்தால் பேச வராது, ஊசியைத் துடைப்பேன். அன்றைக்கு ஊசி வெள்ளியாக மின்னியது. அப்போதும் அவர் விடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "பிலோமினா, அன்னைக்கு நெஜமாவே இந்தத் துண்டைத்தான் அளந்தீங்களா?"

ஒரு பை கடலை

கேட்டது அவளை மட்டும் என்றால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். கேட்டது என்னையும்தான். கருவி அறையில் இருப்பவளுக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது? இவள் அளந்தால் அளந்ததுதான் என்கிற பெயர் ஒன்றுதானே? வீட்டுக்குப் போய் ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். வீட்டுக்காரர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அவருக்கு என்னைத் தெரியும்.

இரண்டொரு நாளில் முத்துலட்சுமியின் அப்பா வந்தார். பஸ் மாறி, வெயிலில் நடந்து, தோளில் ஒரு பை பச்சைக்கடலையோடு அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மகள் அப்போது சூளை அறையில் இருந்தாள். கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிள்ளை ஊருக்கு வந்தபோது சாப்பிடவே இல்லை, ராத்திரி தகட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டே இருந்தது, யாராவது திட்டினார்களா என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். முன்பு தண்ணீர் பரவியது, இப்போது பரவவில்லை, ஏன் என்று தெரியவில்லை, சார் பொய்க் கணக்கோ என்று பயப்படுகிறார் என்றேன். மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார்.

பையை என் மேஜைக்குக் கீழே தள்ளி வைத்தார். யாரும் வருகிறார்களா என்று வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அன்று முழுக்க அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது அவர் சொன்னதை நினைத்துத்தான்: "எம்புள்ள பொய் சொல்லாது தாயி. பேசாம பழிய மெசினு மேல போட்டுவிடுங்க, அது என்ன கோவிச்சுக்கவா போகுது?"

வழுக்கிய மூடி

பழியை மெஷின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. அதுவும் என் பிள்ளை மாதிரிதான். அதனால் முத்துலட்சுமியைக் கூட்டிக்கொண்டு, படலம் போன வழியெல்லாம் திரும்பப் போனேன். கரைசல் அதே புட்டி. சுழற்றும் வேகம் அதே. புதிதாக ஒரு படலம் போட்டுச் சுட்டு, சூடு ஆறினதும் அளந்தோம்; சார் பக்கத்தில் காவலுக்கு நின்றார். எட்டு டிகிரி. செய்முறை தப்பு இல்லை என்று ஆனது. ஆனால் சாருக்கு அது போதவில்லை. "பழையது ஏன் கெட்டது?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். நியாயமான கேள்விதான். நிபுணர் கேட்டதும் அதைத்தானே?

மீதி இருந்த ஒரே இடம் டெசிகேட்டர். அதைத் திறப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மூடியைத் தூக்க முடியாது. ஒரு கையால் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்து, இன்னொரு கையால் மூடியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஒரு வருஷம் வேலை செய்தவர்களுக்குத் தோள்பட்டை இறங்கிப்போகும். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு, பலத்தையெல்லாம் திரட்டித் தள்ளினேன். மூடி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. முத்துலட்சுமி தாவிப் பிடிக்காவிட்டால் தரையில் விழுந்து நொறுங்கியிருக்கும்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துண்டுகளை எடுத்த அன்று மூடி லேசாக வந்ததை, இருந்த சந்தோஷத்தில் அவள் கவனிக்கவே இல்லையாம். மூடியின் விளிம்பில் வெள்ளையாக கிரீஸ் இருக்க வேண்டும். கிரீஸ் தீர்ந்து, கேட்டு எழுதி, காத்திருந்து எல்லோரும் அதை மறந்தே போயிருந்தோம். இப்போது விளிம்பு மினுமினுவென்று இருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். பழைய தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை. முத்துலட்சுமி தன் ஜடையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடியை மோந்தாள். நம் ஊரில் எந்த அறையில்தான் தேங்காய் எண்ணெய் வாடை இல்லை? அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் உறைக்கவில்லை. அவளுடைய படலத்துக்கு ஒரு சுபாவம் உண்டு, காற்றில் எண்ணெய்ப் பசை எங்கே இருந்தாலும் இழுத்து மேலே போர்த்திக்கொள்ளும். கோடை வெயிலில் அந்த மூடிய ஜாடிக்குள், விளிம்பிலிருந்து வந்த ஆவியையெல்லாம் அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

யார் இந்த வேலையைச் செய்தது? வேலுச்சாமி அண்ணனைக் கூப்பிட்டேன். "ஏத்தா, நான் அந்த ஜாடிப் பக்கமே போறதில்ல" என்று காளியம்மன் மேல் சத்தியம் செய்தார். மற்ற மாணவர்களும் கையை விரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூடியைப் பிடித்து மோந்துகொண்டிருந்தபோது, வகுப்பு முடிந்து சாக்பீஸ் கையோடு இன்னாசி சார் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்து ஒரு நிமிடம் குழம்பிப் போனார். பிறகு, நாங்கள் கேட்காமலே, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "மூடி இறுகிப் போய் இந்தப் பொண்ணு கெடந்து கஷ்டப்படுதேன்னு நான்தான் ரெண்டு சொட்டு தேங்காண்ணெ விட்டேன். ஏன், இப்ப ஈசியா தொறக்குதுல்ல?"

மொட்டைமாடியில் ஒரு குடை

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மூடியையே எடுத்து… வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்தபோது அது கரைந்துவிட்டது. நாங்கள் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பொடியாக்கிக்கொண்டே இருந்தார். பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று செய்த காரியம், பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது. அவரே அவளைச் சந்தேகப்பட்டும் விட்டார். அதைவிட ஒரு வாத்தியாருக்கு வேறு தண்டனை வேண்டியதில்லை.

ஆனால் காரணம் தெரிந்தால் மட்டும் போதாதே! எண்ணெய்தான் காரணம் என்று காட்ட வேண்டும். முத்துலட்சுமிதான் வழி சொன்னாள். அவள் படலத்துக்கு இன்னொரு சுபாவமும் உண்டு. நல்ல வெயில் பட்டால், மேலே படிந்த பசையை அதுவே தின்று தீர்த்துவிடும். சோலார் தகட்டுக்கு அதை அவள் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். கெட்டுப்போன துண்டுகளில் பாதியை இருட்டுப் பெட்டியில் வைத்தோம். பாதியை மொட்டைமாடியில் வெயிலில் பரப்பினோம். மேலே கண்ணாடி போட்டு மூடக் கூடாது, மூடினால் வேண்டிய ஒளியைக் கண்ணாடி தடுத்துவிடும். திறந்து வைத்தால் காக்காய் வரும். மினுக்குகிற எதையும் எங்கள் கல்லூரிக் காக்காய் விட்டுவைத்ததில்லை.

திண்டுக்கல் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அடிக்கடி மேலே போய்ப் பார்த்தேன். இன்னாசி சார் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் குடை. சூரியன் நகர நகர, குடையின் நிழல் துண்டுகள் மேல் விழுந்துவிடாதபடி பக்கெட்டை இழுத்து இழுத்துத் தள்ளி உட்கார்ந்தார். கையில் ஒரு குச்சி. சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முத்துலட்சுமி மோர் கொண்டுபோய்க் கொடுத்து, "நீங்க கீழ போங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினாள். அவர் மோரை வாங்கிக் குடித்தார், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், குச்சியைக் கீழே வைக்கவில்லை. "இல்லம்மா. எண்ணெ விட்டவன் நானு. காக்காயையும் நானே வெரட்டுறேன்."

கம்ப்யூட்டருக்குத் தெரியாத சொட்டு

வெயில் தாழ்ந்ததும் துண்டுகளைக் கீழே கொண்டு வந்தோம். முதலில் இருட்டுப் பெட்டித் துண்டு. ஐம்பத்தொன்பது. குந்த வைத்த சொட்டு அப்படியே. அதைப் படம் பிடித்து வைத்தேன். பிறகு வெயில் துண்டைத் தட்டில் வைத்தேன். முத்துலட்சுமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேலுச்சாமி அண்ணன்கூட வாசலில் வந்து நின்றுவிட்டார். ஊசியை இறக்கினேன். சொட்டு ஊசியிலிருந்து பிரிந்தது, கண்ணாடியைத் தொட்டது, அவ்வளவுதான். திரையில் சொட்டையே காணோம். அப்படிப் படுத்துவிட்டது. கோணம் போட வேண்டிய கம்ப்யூட்டர், சொட்டு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று கைவிட்டது. இரண்டாவது துண்டில் நாலோ ஐந்தோ சொன்னது. மூன்றாவதும் அதே கதை. வேலுச்சாமி அண்ணன் விசில் அடித்தார். முத்துலட்சுமி பின்னால் கட்டிய கையை அவிழ்க்காமலே அழுதாள். நானும்தான் அழுதேன், சொல்வதற்கென்ன.

ஜாடியில் எண்ணெய்ப் பசை சேர்ந்தால் படலம் சோர்ந்துபோகும், ஆனால் ஒரு பகல் வெயில் பட்டால் தானே தேறிவிடும் என்று பதிலில் எழுதி, இரண்டு படங்களையும் வைத்து அனுப்ப வேண்டும். தகடு கிடக்கப்போவது குஜிலியம்பாறை வெயிலில்தானே? முன்பு இருந்ததைவிடக் கட்டுரைக்கு இது பலம் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் முத்துலட்சுமி எழுத உட்காரவில்லை. மீதித் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, சார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பக்கத்தில் நிற்காமல் அளக்கக் கூடாது என்பது உத்தரவாயிற்றே?

இன்னாசி சார் வெயிலில் சிவந்துபோன முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மிச்சத்த நீங்க ரெண்டு பேருமே அளந்துருங்கம்மா. நான் நிக்கணும்னு சொன்னதே தப்பு."

சொட்டு பரவுமா உருளுமா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில் என்று ஊரார் நினைக்கிறார்கள். நாங்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பதென்னவோ, நல்ல எண்ணத்தோடு யார் எங்கே எண்ணெய் தடவினார் என்பதைத்தான்.